இரண்டு ஆண்டுகளா, எழுபது ஆண்டுகளா?

எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனத்தைப் போல் மருத்துவமனைகளில் அடிக்கடி கண்ணில் படும் வேத வசனம் வேறொன்று உண்டா என்பது ஐயமே. அது சுவர் நாட்காட்டியில் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவில் உறவினர் கைப்பேசியில் அனுப்பும் செய்தியிலும் இருக்கிறது. ஆண்டவர் நம்மைக் குறித்து எண்ணுவது தீமையை அன்று, சமாதானத்தையே என்பது அதன் பொருள். ஆனால் அதை "எல்லாம் ஆண்டவருடைய திட்டம், கவலைப்படாதீர்கள்" என்று சுருக்கிச் சொல்லிவிட்டு நாம் எழுந்து சென்ற பின்பு, படுக்கையில் இருப்பவரிடம் ஆறுதலுக்குப் பதிலாக ஒரு கேள்வி எஞ்சிவிடுவதுண்டு. இந்தப் புற்றுநோயும் அவருடைய திட்டந்தானா? என் பிள்ளையின் சிறுநீரகங்கள் செயலிழந்ததுமா?

இப்படிக் கேட்பவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று எண்ணலாகாது. அந்த வசனத்தை முழு அதிகாரத்தோடு சேர்த்து வாசித்தால் இக்கேள்விக்கு விடை கிடைத்துவிடும் என்றும் நான் கூறமாட்டேன். ஆனால் அது யாருக்கு, எந்த நிலையில் எழுதப்பட்டது என்பது விளங்கும்.

அது ஒரு கடிதத்தின் பகுதி. கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார், எகொனியா அரசனையும் பிரபுக்களையும் தொழில் வல்லாரையும் எருசலேமிலிருந்து சிறைபிடித்துச் சென்றான். அவர்களுக்கு எருசலேமில் இருந்தபடி எரேமியா எழுதியனுப்பிய கடிதம் அது. ஏறத்தாழ அதே காலத்தில் அனனியா என்னும் வேறொரு தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அறிவித்தான். கேட்டவர்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்! எரேமியாவோ 70 ஆண்டுகள் ஆகும் என்று எழுதினார். அப்படியானால், அக்கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் தங்கள் ஊரை மறுபடியும் காணப்போவதில்லை. நாம் சுவரில் மாட்டி வைத்திருக்கும் வசனம் அத்தகையோருக்கு எழுதப்பட்டது.

நம்பி இருங்கள் என்பதோடு கடிதம் நின்றுவிடவில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைவைத்திருக்கும் அந்த நகரத்துக்காகவே ஜெபியுங்கள் என்று எரேமியா வேலைகளை அடுக்குகிறார். 11-ஆம் வசனம் இவற்றுக்குப் பிறகே வருகிறது. வாக்குறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு தோட்டத்தை விட்டுவிட்டோம் என்பதே என் குறை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது அவசியம். அந்தச் சிறையிருப்புக்குத் தேசத்தின் பாவமே காரணம் என்று எரேமியா கூறியது உண்மைதான். அதை நோயாளியின் மேல் எவரும் ஏற்றிவிடக் கூடாது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு மறுத்ததை யோவான் 9-ஆம் அதிகாரம் கூறுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இவ்விடத்தில் 'திட்டம்' என்னும் சொல்லே இல்லை. 'நினைவுகள்' என்றுதான் இருக்கிறது. திட்டம் என்றவுடன் ஐந்தாண்டுத் திட்டத்தைப் போல வரைபடமும் செலவுக் கணக்கும் முடிவுத் தேதியும் நம் மனத்தில் எழுகின்றன. நம் நோயும் அதில் ஓர் இனமாக எழுதப்பட்டிருக்குமோ என்று அஞ்சுகிறோம். நினைவு என்பது அத்தகையதன்று. தொலைதூரத்தில் வேலை பார்க்கும் மகனைத் தாய் நினைத்திருப்பதும் நினைவுதான். பழைய சொல்லே எனக்கு நிறைவளிக்கிறது.

அனனியாவின் 'இரண்டு ஆண்டுகள்' இன்றும் நம்மிடையே உலவுகின்றன. "உங்களுக்குச் சுகம் கிடைத்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று அன்போடு சொல்லும் நண்பர்கள் எந்தச் சபையிலும் உண்டு. சாதாரணக் காசநோய்க்குரிய சிகிச்சை ஆறு மாதங்கள். ஆனால் சில வாரங்களிலேயே இருமல் குறைந்து, பசி எடுத்து, உடம்பு தேறத் தொடங்கிவிடும். ஜெபம் கேட்கப்பட்டது என்று நன்றி சொல்ல வேண்டிய நேரந்தான் அது. மருந்தை நிறுத்த வேண்டிய நேரமன்று. இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். பிறகு சிகிச்சை கடினமாகும், வீட்டிலுள்ளோருக்கும் ஆபத்து. முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களுக்குள் உயிருக்கே கேடு வரும். மருந்தை விடுவது விசுவாசத்தின் அடையாளம் என்பவர்கள் எசேக்கியா அரசனின் வரலாற்றை மறுபடியும் வாசிக்க வேண்டும். அவனுக்கு 15 ஆண்டு ஆயுள் கூட்டித் தரப்படும் என்னும் வாக்கு கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும், அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் வைத்துக் கட்டும்படி ஏசாயா தீர்க்கதரிசி சொன்னார். வாக்கு ஒருபுறம், மருந்துக் கட்டு மறுபுறம்; இரண்டுக்கும் பகை இருந்ததாக அங்கே எவரும் நினைக்கவில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, கால்களின் இயக்கத்தை இழந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சீர்படுத்துவதில் முன்னோடியான டாக்டர் பால் பிராண்ட் அவருக்கு ஊக்கமளித்தார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்த அறுவை சிகிச்சைகளைச் செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைக் கட்டியெழுப்பினார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் உருவாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அந்த நிலையம் தோன்றுவதற்காகவே அந்த விபத்து நேர்ந்தது என்று இவ்வரலாற்றை முடிப்பது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவ்வாறு கூறும் உரிமை, அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவருக்கு மட்டுமே உண்டு. நான் அதில் காண்பது வேறு. நடக்க முடியாத ஒருவர், தம் கைகளால் இன்று என்ன செய்யலாம் என்று பார்த்தார். எரேமியா சொன்ன தோட்டம் அதுவே.

நம் வார்டுகளில் தோட்டம் போட இடமில்லை. ஆனால் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியை வலியோடு பத்து முறை செய்வது அந்த வேலையைச் சேர்ந்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர் தாகத்தைப் பொறுத்து, மருத்துவர் அனுமதித்த அளவு மட்டும் தண்ணீர் குடிப்பதும் அதைச் சேர்ந்தது. நகரத்துக்காக ஜெபிப்பது என்பதை வார்டுக்காக ஜெபிப்பது என்று எடுத்துக்கொள்ளலாம்: பக்கத்துப் படுக்கையில் இருப்பவர், இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், விடியுமுன் தரையைத் துடைக்க வரும் பெண். அவர்கள் எந்தச் சமயத்தவர் என்பதை விசாரிக்க வேண்டியதில்லை. பாபிலோனியரும் வேறு சமயத்தார்தாம்.

நோயாளிக்கு உடனிருப்போரைப் பற்றி எழுதாமல் முடிக்க இயலாது. ஏனெனில் 'தேவசித்தம்' என்னும் சொல்லை அதிகமாகச் சுமப்பவர்கள் அவர்களே. சோர்வதும் சலிப்பதும் கோபங்கொள்வதும் விசுவாசக் குறைவு என்று எண்ணி, வராந்தாவில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். எலியா தீர்க்கதரிசி இதைவிட அதிகமாகச் சோர்ந்தார். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் என்று சொல்லிச் சாவைக் கேட்டார். அப்போது அவரை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. அவர் தூங்கினார். தேவதூதன் எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்தான். உண்டார், மறுபடியும் தூங்கினார், மறுபடியும் உணவு. கேள்விகளும் பதில்களும் அதற்குப் பிறகே, ஓரேப் மலையில்.

ஆகவே, சபையாரோ சுற்றத்தாரோ வந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டால், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை இரவு நீங்கள் வந்து அம்மாவோடு தங்க முடியுமா, நான் வீட்டுக்குப் போய்க் குளித்து, சுடுசோறு சாப்பிட்டு, விடியும்வரை தூங்கிவிட்டு வருகிறேன் என்று கேளுங்கள். வருகிறவரிடம் எத்தனை மணிக்கு எந்த மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.