பெரியவர் வாக்கும் பெருக்கல் கணக்கும்

பெரியவர்கள் வாக்கைச் சோதிக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் வழக்கம். கணித சாஸ்திரம் மட்டும் இந்த வழக்கத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

2-ஐ அதனாலேயே பெருக்கினால் 4, 4-ஐ அதனாலேயே பெருக்கினால் 16, பிறகு 256, பிறகு 65,536. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537. இவ்வைந்தும் பகா எண்கள். அதாவது, ஒன்றையும் தம்மையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. அடுத்தது 429,49,67,297. இதுவும் இதற்கு மேற்பட்டவையும் பகா எண்களே என்று 1640-ல் பிரான்ஸ் தேசத்து மேதை பெர்மா நம்பினார். தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

1732-ல், ருஷியாவில் இருந்த ஆய்லர் என்னும் இருபத்தைந்து வயது வாலிபர் அந்த நம்பிக்கையைத் தகர்த்தார். இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் 1 மீதி வரவேண்டும் என்பது அவரே பின்னர் நிரூபித்த விதி. அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். முதல் நான்கும் தோற்றன. ஐந்தாவது மீதியின்றி வகுத்துவிட்டது! ஈவு 67,00,417.

பெர்மாவின் வரிசையில் ஆறாவது பகா எண் இன்றுவரை அகப்படவில்லை. ஆயினும், அவர் புகழ் சிறிதும் குன்றவில்லை.

நேயர்களே! இன்றிரவு குழந்தைகளிடம் காகிதமும் பென்ஸிலும் கொடுத்து, 641-ஐயும் 67,00,417-ஐயும் பெருக்கச் சொல்லுங்கள். மேதையின் வாக்கையும் மரியாதை குறையாமல் தாமே சோதித்தறியும் தைரியம், சுதந்திர தேசத்துக் குழந்தைகளுக்கு அவசியம் வேண்டும்.