முதியோர் இல்லங்களும் அரசின் கடமையும்

மனித வாழ்வில் குழந்தைப் பருவமும் முதுமைப் பருவமும் பிறர் கையைப் பற்றி நடக்க வேண்டிய பருவங்கள். குழந்தைகளாகிய எங்களுக்குப் பள்ளி உண்டு, சத்துணவு உண்டு, பள்ளியைப் பார்வையிட அதிகாரிகள் உண்டு, கட்டாயக் கல்விச் சட்டமும் உண்டு. முதியோருக்கு என்ன உண்டு? இக்கேள்வியை எங்கள் வகுப்பில் இவ்வாண்டு பலமுறை பேசினோம். முதியோர் இல்லங்களை அரசு கண்காணிக்க வேண்டும், கண்காணிப்பதோடு நில்லாமல் பொருளுதவியும் செய்ய வேண்டும் என்பதே நாங்கள் கண்ட முடிவு.

முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் பலர் வருந்துகின்றனர். பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை. அதை அரசின் தலையில் சுமத்துவது முறையாகுமா என்று கேட்கின்றனர். அது நியாயமான கேள்விதான். தாய் தந்தையரை மதிக்க வேண்டும் என்ற நான்காம் கட்டளையை நாங்கள் முதல் வகுப்பிலிருந்தே கற்று வருகிறோம். ஆனால் பிள்ளைப்பேறு இல்லாதவர்கள் யாரிடம் செல்வார்கள்? மணமே செய்து கொள்ளாமல் தம்பி தங்கையரை வளர்த்து ஆளாக்கிய அத்தைமார்கள் யாரிடம் செல்வார்கள்? தினக்கூலிக்குச் செல்லும் மகள், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தாயைப் பகல் முழுவதும் யாரிடம் விட்டுச் செல்வாள்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் முதியவர். இவர்கள் அனைவருக்கும் அன்பான மகனும் வசதியான வீடும் வாய்த்திருக்கும் என்று எண்ணுவது பேதைமை.

இது ஒன்றும் புதிய கோரிக்கை அன்று. முதுமையிலும் நோயிலும் மக்கள் உதவி பெறுவதற்கு அரசு வழி செய்ய வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு கூறுகிறது. 2007ஆம் ஆண்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இயற்றப்பட்டது. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. பிள்ளைகளிடமிருந்து மாதந்தோறும் பராமரிப்புத் தொகை கேட்டுப் பெறத் தீர்ப்பாயங்களையும் ஏற்படுத்தியது. இவை வரவேற்கத்தக்கவையே.

ஆனால் அச்சட்டத்தின் 19ஆம் பிரிவை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மாவட்டத்திற்கு ஓர் இல்லமாவது தொடங்கி, ஒவ்வொன்றிலும் குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும்படி மாநில அரசு இல்லங்களை ‘அமைக்கலாம்’ என்று அது சொல்கிறது. ‘அமைக்கலாம்’ என்பதற்கும் ‘அமைக்க வேண்டும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இலக்கண வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். தலைமைச் சகோதரி “நாளை சீருடையில் வரலாம்” என்று சொன்னால் எத்தனை பேர் சீருடையில் வருவோம்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அருகமைப் பள்ளிகளை அரசு கட்டாயம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. பேரப்பிள்ளைகளுக்கு ‘வேண்டும்’, பாட்டி தாத்தாக்களுக்கு ‘லாம்’! இந்த வேறுபாடு மறைய வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை.

முதியோர் ஓய்வூதியம் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். நம் மாநிலத்தில் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய அத்திட்டம் எண்ணற்ற ஏழைகளுக்கு ஊன்றுகோலாக இருந்து வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டு முதல் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு 40 ரூபாய். தன் குடிசையில் தானே சமைத்து உண்ணும் பாட்டிக்கு அது கஞ்சிக்கு உதவும். எழுந்து நடமாட முடியாதவரைத் தூக்கி உட்கார வைக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க உதவாது.

இதை நாங்கள் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. சமூக சேவைக்காக நாங்கள் சென்ற இல்லம் ஒன்றில் முப்பதுக்கும் மேற்பட்ட பாட்டிமார்கள் இருந்தனர். கவனித்துக் கொள்ள இரண்டு சகோதரிகளும் ஒரு சமையற்கார அம்மாவும் மட்டுமே. தம் வேலைகளைத் தாமே செய்து கொள்பவர்களுக்கு மட்டுமே அங்கு இடம். “நடக்கிற வரைக்கும்தான் கண்ணு இங்கே இருக்கலாம். விழுந்துட்டா எங்கே போறதுன்னு தெரியலை. அதனாலதான் சாயங்காலம் ஆனா தண்ணியே குடிக்கிறதில்லை. ராத்திரி இருட்டிலே எழுந்திருக்கக் கூடாதே” என்று ஒரு பாட்டி எங்களிடம் சொன்னார். நாங்கள் கொண்டு சென்ற சோப்பும் பிஸ்கட் பொட்டலமும் அவருடைய அச்சத்தைத் தீர்க்குமா? அந்தச் சகோதரிகளையும் குறை சொல்ல முடியாது. இரவில் விழித்திருந்து பார்க்க ஆள் வைக்க அவர்களிடம் பணம் இல்லை. நடக்க இயலாதபோதுதான் ஒருவருக்கு இல்லம் மிகவும் தேவை. அந்த நேரத்தில் கதவு மூடப்படுகிறது. அக்கதவைத் திறந்து வைக்கக்கூடிய பொருள் வலிமை அரசிடம்தான் உண்டு.

பணம் கொடுத்தால் போதுமா? போதாது. வசதி படைத்தவர்களுக்கான இல்லங்கள் இன்று பல ஊர்களில் பெருகி வருகின்றன. பெருந்தொகையை முன்பணமாகப் பெற்றுக் கொள்கின்றன. இடையில் வெளியேறினாலோ இறந்து போனாலோ அப்பணம் என்னவாகும் என்பது சேரும்போதே எழுத்தில் இருக்க வேண்டும். எல்லா இல்லங்களிலும் தங்கியிருப்போர் பெயர்ப் பதிவேடு, மருத்துவர் வந்து போன நாட்களின் குறிப்பு, இரவில் பணியாளர், வழுக்காத குளியலறை, கைப்பிடிச் சுவர், தீ விபத்து நேர்ந்தால் வெளியேற வழி ஆகியவை இருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி அதிகாரிகள் வர வேண்டும். வந்தவர்கள் அலுவலக அறையில் காபி அருந்திவிட்டுத் திரும்பாமல், படுக்கைப் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதியவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். பாதிக்கப்பட்டவர் தம் வாயால் குறை சொல்ல முடியாதபோது, பார்க்கும் கண்கள் வெளியிலிருந்துதான் வர வேண்டும். நம் மாநிலத்தில் இல்லங்கள் சமூகநலத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்கள் அறிவிப்பது நல்ல தொடக்கம். ஆனால் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டுவதோடு கடமை முடிந்து விடாது.

இங்கே மற்றொரு மறுப்பு எழுகிறது. அன்பினால் நடக்கும் இல்லங்களில் அரசு நுழைந்தால் அன்பு போய் விதிமுறைதான் மிஞ்சும் என்கிறார்கள். 1839இல் பிரான்சு நாட்டில் பார்வையிழந்த ஒரு மூதாட்டிக்குத் தம் படுக்கையையே கொடுத்தவர் புனித ஜான் ஜுகன். அவர் தோற்றுவித்த ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை 1882இல் கல்கத்தாவில் இல்லம் தொடங்கியது. வீடு வீடாகக் கையேந்தி முதியோரைக் காத்தவர் அவர். 2009இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அத்தகைய அன்பை எந்த அரசும் சம்பளம் கொடுத்து வாங்க முடியாது என்பதை ஒப்புக் கொள்கிறோம். ஆயினும் நம் மாநிலத்தின் அரசு உதவி பெறும் பள்ளிகளைப் பாருங்கள். ஆசிரியர்களுக்கு அரசு ஊதியம் தருகிறது. கல்வி அதிகாரிகள் வந்து பார்வையிடுகின்றனர். அதனால் அப்பள்ளிகளை நடத்தும் அருட்சகோதரிகளின் அன்பு குறைந்து விட்டதா? காலை செபம் நின்று விட்டதா? அரசு உதவி பெறும் பள்ளி இருக்கும்போது, அரசு உதவி பெறும் முதியோர் இல்லம் ஊருக்கு ஊர் ஏன் இருக்கக் கூடாது? தொண்டு நிறுவனங்களின் இல்லங்களுக்கு மத்திய அரசின் மானியத் திட்டம் 1992 முதல் இருந்து வருகிறது. அதை ஆசிரியர் ஊதியம் போல மாதந்தோறும் தவறாமல் வருவதாகவும், நடக்க இயலாதவர்களுக்குக் கூடுதலாகத் தருவதாகவும் விரிவாக்க வேண்டும்.

முதியோர் இல்லங்களின் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் நாடெங்கும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டு வரப்பட்டது. நிறைவேறாமலே 2024இல் அந்த மக்களவையுடன் அதுவும் காலாவதியாயிற்று. அதற்காக ஊர்வலம் போனவர் யார்? முதியோரால் ஊர்வலம் போக முடியாது. போகக் கூடியவர்களுக்கு நேரமில்லை.

நல்ல சமாரியரின் உவமையை நாம் யாவரும் அறிவோம். அடிபட்டுக் கிடந்தவனைச் சாவடியில் சேர்த்த அவர், சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். பணமும் கொடுத்தார், திரும்பி வந்து பார்ப்பதாகவும் வாக்களித்தார். அரசிடம் நாங்கள் கேட்பதும் இவ்விரண்டையுமே.

அன்புள்ள பெற்றோர்களே, வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருபவர்களிடம் நம் மாவட்டத்தில் 150 பேருக்கான இல்லம் எங்கே என்று கேளுங்கள். தோழியரே, இன்னும் மூன்று ஆண்டுகளில் வாக்குரிமை நம் கைக்கும் வரும். அன்று நாமும் கேட்போம். அதுவரை ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று, திருச்சபை 2021 முதல் கொண்டாடும் தாத்தா பாட்டியர், முதியோர் நாளில் மட்டுமன்றி, எல்லா மாதங்களிலும் அருகிலுள்ள இல்லத்திற்குச் சென்று வருவோம். அங்குள்ளவர்கள் சொல்வதைக் கேட்போம். கேட்டதை அதிகாரிகளுக்கு எழுதுவோம். மாலையில் தாகம் எடுத்தால் அச்சமின்றித் தண்ணீர் குடிக்கும் உரிமை நம் பாட்டிமார் அனைவருக்கும் கிடைக்க உழைப்போமாக!