சலவைக்குத் தாங்குமா மின்னிழை?

தில்லியின் குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடவென ஓசை எழும். அறை இருட்டாயின் சிறு பொறிகளும் தோன்றும். துணியோடு துணி உராய்வதால் பிறக்கும் மின்னூட்டமே இதற்குக் காரணம். உடல் அசைவால் துணியில் இவ்வாறு வீணாகும் ஆற்றலைத் திரட்டி, உடலில் அணியும் சிறு கருவிகளை இயக்க அறிவியலாளர் முயன்று வருகின்றனர்.

2008ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சோங் லின் வாங் என்பவரின் குழுவினர், கெவ்லார் இழைகளின்மேல் துத்தநாக ஆக்சைடு நுண்கம்பிகளைத் தூரிகையின் மயிர்போல் அடர்த்தியாக வளர்த்தனர். ஓர் இழைக்குப் பொன்முலாம் பூசி, அதை மற்றோர் இழையோடு முறுக்கினர். இழைகள் உராய்ந்தபோது நுண்கம்பிகள் வளைந்தன. வளைந்தவுடன் மின்சாரம் பிறந்தது. சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என 1880இல் கியூரி உடன்பிறந்தார் கண்டறிந்த உண்மையே இதன் அடிப்படை.

இச்செய்தியைக் கேட்போர், இனிச் சட்டையே கைப்பேசிக்கு மின்னேற்றும் என மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி மிகையானது. எளிய மின்னேற்றி ஒன்று 5 வாட் தருகிறது. சட்டை 1 மில்லிவாட் தருவதாகக் கொண்டால், மின்னேற்றி 1 மணி நேரத்தில் தருவதைப் பெற 5000 மணி நேரம் ஆகும். அதாவது, 200 நாள்களுக்கு மேல் உறங்காமல் அசைந்துகொண்டே இருத்தல் வேண்டும்!

எனினும், இம்முயற்சியை வீண் என ஒதுக்கலாகாது. சுரங்கத்திலும் வெயிலிலும் உழைப்போரின் நாடித்துடிப்பையும் உடல் வெப்பத்தையும் அவ்வப்போது அளந்து கூறும் உணரிக்கு மிகச் சிறிதளவு மின்சாரமே போதும். மின்கலம் தீர்ந்துவிடுமோ என்னும் அச்சமின்றி அது இயங்குமாயின், ஓர் உயிரைக் காக்கவும் கூடும். ஆய்வாளர் இத்தகைய பயனையே முதன்மையாகக் கருதுதல் வேண்டும்.

அதற்குத் தடையாக நிற்பது ஈரம். துத்தநாக ஆக்சைடு ஈரத்தால் கெடும். உராய்வு மின்னூட்டமோ ஈரக்காற்றில் குன்றும். தில்லியில் கேட்கும் சடசடப்பு கடலோர ஊர்களில் அரிதாவது இதனால்தான். உழைப்பவரின் சட்டையோ வியர்வையில் நனைவது, நாள்தோறும் துவைக்கப்படுவது. ஆகவே, ஆய்வகத்தில் சிறு விளக்கை எரியவைத்துக் காட்டுவது போதாது. துவைகல்லில் நூறு முறை அடித்துத் துவைத்த பின்னரும் அவ்விளக்கு எரிந்தால்தான் அதனைத் துணி என்று சொல்லத் தகும்.

கிழிந்த பின் அத்துணி என்னாகும் என்பதும் கேட்கத் தக்க கேள்வியே. பழைய பருத்திச் சேலை குழந்தைக்குத் தூளியாகும். பிறகு அடுப்படியில் கரித்துணியாகும். கடைசியில் மண்ணோடு மண்ணாகும். உலோகமும் நெகிழியும் ஒன்றாய்ப் பின்னிய துணியைப் பிரித்தெடுப்பது எளிதன்று. அதற்கான வழியை, அத்துணி கடைக்கு வருமுன்னரே அதனைச் செய்வோர் சொல்லியாக வேண்டும்.