வரைபடம் அறியாத நீர்

புதுக்கோட்டை மழையை நம்பி வாழும் மாவட்டம். வற்றாத பேராறு எதுவும் அதன் எல்லைக்குள் ஓடவில்லை. ஆகவே, பெய்யும் மழையைத் தேக்கிவைக்கும் கலையை அம்மண்ணின் முன்னோர் வளர்த்தெடுத்தனர். ஏரி, கண்மாய், ஊருணி என ஆயிரக்கணக்கான நீர்நிலைகளை அமைத்தனர். மேட்டிலுள்ள கண்மாய் நிரம்பினால், மிகைநீர் கலிங்கு வழியே வெளியேறி, வரத்துவாய்க்கால் மூலம் அடுத்த கண்மாயைச் சென்றடையும். மேலே வரத்து அடைபட்டால் கீழே வயல் காயும். நீர் சேரும் இடத்தை மட்டும் காத்தால் போதாது, அது வரும் வழியையும் காக்க வேண்டும் என்பதே இக்கண்மாய்ச் சங்கிலி உணர்த்தும் பாடம். இன்றைய நீர்ப் பாதுகாப்புச் சட்டங்களும் இப்பாடத்தைக் கற்க வேண்டியுள்ளது.

2017 பிப்ரவரி 15 அன்று, நாட்டின் 31 சிறு எண்ணெய், எரிவாயு ஒப்பந்தப் பகுதிகளை வழங்குவதற்கு நடுவண் அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழு ஒப்புதல் அளித்தது. ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்த நெடுவாசல் அவற்றுள் ஒன்று. நெல், வாழை, தென்னை, பலா, மலர் ஆகியவை விளையும் அப்பகுதியின் வேளாண்மை ஆழ்துளைக் கிணறுகளைச் சார்ந்தது. மறுநாளே தொடங்கிய ஊர்மக்களின் அறப்போராட்டம் பல மாதங்கள் நீடித்தது. நிலத்தடி நீர் கெட்டுவிட்டால் மீட்க இயலாது என்பதே அவர்களது அச்சம்.

அவ்வச்சத்திற்கு அறிவியல் அடிப்படை உண்டு. எரிவாயுக் கிணறு, நன்னீர் அடுக்குகளைத் துளைத்துக்கொண்டே ஆழத்திற்கு இறங்குகிறது. அவ்வடுக்குகளைக் காப்பதற்காக எஃகுக் குழாயை இறக்கி, அதைச் சுற்றிச் சிமெண்ட் பூச்சு இடுவர். அக்காப்பு உறுதியாக உள்ளவரை இடர் குறைவே. நாளடைவில் பூச்சு விரிசல் கண்டாலோ குழாய் அரித்துப்போனாலோ, எரிவாயுவும் உவர்நீரும் நன்னீரில் கலக்க வழி பிறக்கும். வயலில் படியும் மாசு கண்ணுக்குத் தெரியும். நிலத்தடியில் பரவும் மாசு தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

இந்தியா தனது கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. எனவே, உள்நாட்டில் எரிபொருள் தேடுவது தவறன்று. ஆயினும், ஆற்றலைக் கதிரவனிடமிருந்தும் காற்றிலிருந்தும் பெறலாம். நன்னீருக்கு மாற்று இல்லை. எரிவாயுக் கிணற்றின் ஆயுள் சில பத்தாண்டுகளே. பேணிக் காக்கப்படும் நீரடுக்கோ தலைமுறைகளைத் தாண்டியும் பயன் தரும்.

2020ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், எண்ணெய், எரிவாயு அகழ்வையும் செம்பு உருக்காலை போன்ற தொழில்களையும் அம்மண்டலத்தில் தடைசெய்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களுள் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்தும் அதில் இடம்பெற்றன. நெடுவாசல் மக்களின் குரலுக்குக் கிடைத்த மதிப்பாகவே இதைக் கருத வேண்டும்.

எனினும், இவ்வெல்லை ஒன்றியங்களைக் கொண்டு வகுக்கப்பட்டது. நீரோட்டத்தைக் கொண்டு வகுக்கப்படவில்லை. மாவட்டத்தின் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. காக்கப்படும் ஐந்தும் பெரும்பாலும் தாழ்நிலத்தில் உள்ளன. கந்தர்வகோட்டை போன்ற மேட்டுப்பகுதி ஒன்றியங்களுக்கு இச்சட்டத்தின் காப்பு இல்லை. அங்கே ஓர் உருக்காலையின் கழிவு மண்ணில் இறங்கினால், அது சட்டத்தின் எல்லைக்கோட்டைக் கண்டு நின்றுவிடாது.

காப்பிலுள்ள பகுதியும் முற்றிலும் அச்சம் நீங்கியதன்று. 2021 ஜூன் மாதம் நடுவண் அரசு வெளியிட்ட ஏலப் பட்டியலில் இதே மாவட்டத்தின் வடத்தெரு இடம்பெற்றது. மாநில அரசு எதிர்ப்புத் தெரிவித்துப் பிரதமருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. மேலும், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை எனச் சுற்றுச்சூழல் விதி 2020 ஜனவரியில் திருத்தப்பட்டது. கிணற்றுநீரைக் குடிப்போரைக் கேளாமலே அம்மண்ணைத் துளையிட இத்திருத்தம் இடமளிக்கிறது.

நீர் வரும் வழியைக் காப்பது இயலாத செயலன்று. நியூயார்க் நகரம், விலை மிகுந்த வடிகட்டும் ஆலையைக் கட்டுவதற்கு மாறாக, தொலைவிலுள்ள கேட்ஸ்கில் மலைப்பகுதியின் நீர்பிடிப்பு நிலங்களைக் காக்க 1997ஆம் ஆண்டு அப்பகுதி ஊர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. நீரைத் தூய்மைப்படுத்துவதைவிடத் தூய்மை கெடாமல் காப்பது எளிது என்பதை அந்நகரம் உணர்ந்திருந்தது.

புதுக்கோட்டைக்கும் அவ்வழி பொருந்தும். பாதுகாக்கப்பட்ட மண்டலத்தின் எல்லை, நீர்பிடிப்புப் பகுதிகளை உள்ளடக்கி மறுவரையறை செய்யப்பட வேண்டும். நிலத்தைத் துளையிடும் எத்திட்டமும் முதலில் கிராமசபையில் வைக்கப்பட்டு, அதன் இசைவைப் பெற வேண்டும். மேட்டுக் கண்மாயைக் காக்காமல் கடைமடைக்கு நீரை உறுதிசெய்ய எந்தச் சட்டத்தாலும் இயலாது.