கூலிக்கு அடி வாங்குகிறவன் கதை

ஆல்பிரட் ஹிட்ச்காக் என்றதும் கொலையும் திகிலும்தான் நம்மவர் நினைவுக்கு வரும். 1927ல் அவர் இங்கிலாந்தில் எடுத்த 'தி ரிங்' என்ற பேசாப் படத்தில் கொலையும் இல்லை, துப்பறிவாளரும் இல்லை. பொருட்காட்சித் திடலில் கூலிக்குக் குத்துச்சண்டை போடும் ஒருவனின் கதை அது. முக்கோணக் காதல் என்று சொல்லி அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. கூலிக்கு உழைக்கிறவன் கண்ணால் பார்த்தால் அது வேறு படம் என்பது என் கட்சி.

நாயகன் ஜாக்குக்கு 'ஒரே ரவுண்டு ஜாக்' என்று பட்டப்பெயர். அவனுடன் மோதுகிற எவரும் முதல் சுற்றைத் தாண்டுவதில்லை. வாசலில் டிக்கெட் விற்கும் மேபெல்தான் அவன் மணக்கப்போகும் பெண். ஒரு நாள் கூட்டத்திலிருந்து வந்த ஒருவன் தாக்குப் பிடித்து நிற்கிறான். அவன் பாப் கார்பி என்ற ஆஸ்திரேலிய சாம்பியன் என்பது பிறகுதான் தெரிகிறது. இந்த இடத்தில் சுற்றின் எண்ணைக் காட்டும் அட்டையைக் கவனியுங்கள். 1 என்ற அட்டை கை பட்டுப் பட்டு நைந்து கிடக்கிறது. அடுத்து வரும் 2 என்ற அட்டையோ புத்தம் புதிது. ஜாக் எத்தனை பேரைச் சாய்த்திருக்கிறான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? வசனகர்த்தாவுக்கு வேலையே இல்லை.

ஜாக்கை வென்ற பணத்தில் கார்பி, நம் ஊர் வங்கி போல மேற்கையில் அணியும் பாம்பு வடிவ நகை ஒன்றை மேபெலுக்கு வாங்கிக் கொடுக்கிறான். ஜாக் வாங்கிய அடிக்குக் கிடைத்த காசு, அவன் கட்டிக்கொள்ளப் போகிறவள் கையிலேயே மற்றவன் பரிசாக ஏறிவிடுகிறது! கலியாணத்தில் ஜாக் மோதிரம் போடும் நேரம் பார்த்து அந்த நகை சரிந்து கீழே இறங்குகிறது.

பிறகு ஜாக் பெரிய அரங்குகளுக்கு உயர்கிறான். ஒரு வெற்றிக்குப் பின் வீட்டில் நண்பர்கள் கூடியிருக்க, கோப்பைகளில் ஷாம்பெயின் ஊற்றியாகிவிட்டது. மனைவி வரட்டும் என்று காத்திருக்கிறான். அவள் கார்பியுடன் வெளியே போயிருக்கிறாள். கோப்பைகளில் குமிழிகள் மெல்ல அடங்குகின்றன. அவ்வளவுதான் காட்டுகிறார் ஹிட்ச்காக். யாருக்காக உழைத்தோமோ அவர் பக்கத்தில் இல்லாத வெற்றி எப்படியிருக்கும் என்பதை, ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே ஓவர்டைம் பார்க்கும் அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. படத்தின் தொடக்கத்தில் ஒரு கறுப்பினத்தவரை இலக்காக உட்கார வைத்து முட்டை எறிகிறார்கள், கூட்டம் சிரிக்கிறது. ஓர் எழுத்து அட்டையில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லும் வருகிறது. அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. அடி வாங்கிப் பிழைப்பவனுக்காக இரங்கும் படம், அதே திடலில் முட்டை வாங்கிப் பிழைப்பவரைத் திரும்பிப் பார்க்காமல் நகர்ந்துவிடுகிறது.

ஹிட்ச்காக் லண்டன் காய்கறி வியாபாரியின் மகன். சினிமாவுக்கு வருமுன் தந்திக் கம்பி செய்யும் கம்பெனியில் குமாஸ்தா வேலை பார்த்தவர். சாமானியர் கையாளும் அட்டை, வாளி, டிக்கெட் இவற்றின் மீது அவர் கண் போனதில் வியப்பில்லை.

பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2012ல் அவருடைய ஒன்பது பேசாப் படங்களைச் சீர்செய்தபோது இதுவும் புதுப்பொலிவு பெற்றது. இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் வழக்கமான பட்டிமன்றத்துக்கு ஒரு ஞாயிறு ஓய்வு கொடுத்துவிட்டு இதைத் திரையிடலாம். வேற்று மொழி ஊரில் சைகையாலும் முகக்குறிப்பாலும் காரியம் நடத்திப் பழகிய நமக்கு இந்தப் படம் சிரமமே தராது. பேசாப் பட நாட்களில் நம் கொட்டகைகளில் திரையருகே நின்று கதை சொன்னவர்கள் இருந்தார்கள். அதுபோல ஆங்கில எழுத்து அட்டைகளை மட்டும் ஒருவர் எழுந்து தமிழில் சொன்னால் போதும். கடைசி ஆல்பர்ட் ஹால் சண்டையில், மூலையிலுள்ள தண்ணீர் வாளியில் மேபெல் முகம் தெரியும் இடத்தில் அவரும் சும்மா இருந்துவிடட்டும்.