கணிப்பொறிக்குக் கன்னம் வைப்போர்

சுவரில் கன்னம் வைப்பவனைக் கள்வன் என்றுரைக்க எவரும் தயங்குவதில்லை. கணிப்பொறிக்குள் கன்னம் வைப்பவனையோ, கூர்மதியன் என்றும் குறும்பன் என்றும் பாராட்டும் பேதைமை உலகெங்கும் பரவிக் கிடக்கின்றது. கையில் கன்னக்கோல் இல்லை என்பதனாலேயே கள்வன் அறிஞனாகி விடுவானா?

ஒறுப்பு இன்மையின் விளைவு 2000-ஆம் ஆண்டிலேயே தெரிந்தது. காதல் மடல்போல் தோன்றிய மின்னஞ்சலில் ஒளிந்த நச்சுநிரல் ஒன்று, அவ்வாண்டு மே திங்களில் பிலிப்பைன்சு நாட்டினின்று கிளம்பி, நாடு நாடாய்ப் பரவி அலுவலகங்களை முடக்கியது. ஐயத்திற்குரியவன் அகப்பட்டும் வழக்கு நிற்கவில்லை. அச்செயலைக் குற்றமெனக் கூறும் சட்டமே அன்று அந்நாட்டில் இல்லை! அடுத்த திங்களில் சட்டம் வந்தது. ஆயினும் முன் நிகழ்ந்ததை அதனால் தொட இயலவில்லை.

சட்டம் இருந்தும் அதன் கை தளர்ந்தால் என்னாகும்? அதற்குப் பின்லாந்து சான்று. 50,000-க்கு மேற்பட்ட கணிப்பொறிக் குற்றங்கள் மெய்ப்பிக்கப்பட்ட 17 அகவை இளைஞன் ஒருவனுக்கு, 2015-இல் ஈராண்டுச் சிறை விதித்து, அதனையும் நிறுத்தி வைத்தனர். 2018-இல் வசுத்தாமோ என்னும் உளமருத்துவ நிறுவனத்தின் ஆவணங்கள் களவு போயின. ஏறத்தாழ 33,000 பேர் மருத்துவரிடம் மட்டுமே உள்ளந்திறந்து சொன்ன துயரங்கள் அவை. 2020-இல், 200 யூரோ தராவிடின் அவற்றை ஊரறியச் செய்வதாக ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு மிரட்டல் வந்தது. இதனைச் செய்தவனும் அதே இளைஞனே என முடிவுசெய்த மாவட்ட வழக்குமன்றம், 2024-இல் ஆறாண்டு மூன்று திங்கள் சிறை விதித்தது. இழந்த பணத்தை மீண்டும் ஈட்டலாம். வெளிப்பட்ட மறைபொருளை மீண்டும் மறைக்க எவரால் இயலும்?

வீட்டைப் பூட்டாதவன்மேலன்றோ பிழை என வினவுவாரும் உளர். அவனுக்கும் பிழையுண்டு, அந்நிறுவனத்திற்கு 2021-இல் 6,08,000 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. ஆனால் திறந்த கதவு திருட்டுக்கு இசைவோலை ஆகாது.

கடுமை வேண்டும் என்பதால் கண்மூடி ஒறுத்தல் வேண்டும் என்பதன்று. பாதுகாப்புக் குறையைக் கண்டு, ஒன்றையும் கவராது, உரியவரிடம் உரைப்பவன் காவலன். அவனைச் சட்டம் காத்தல் வேண்டும். அறியாச் சிறுவனின் முதற்பிழைக்குத் திருந்தும் வாய்ப்பும் தரலாம். ஆனால் அவ்வாய்ப்பு, கண்காணிப்போடும் இழப்பை ஈடுசெய்யும் கடப்பாட்டோடும் வருதல் வேண்டும். அறிந்தே கெடுதி செய்வோனுக்கோ, அவனால் மாந்தர் உற்ற இழப்பே ஒறுப்பின் அளவுகோலாதல் வேண்டும். அவன்றன் கூர்மதி அதனைக் குறைத்தல் கூடாது.

குற்றத்தை ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாவண்ணம் தக்கவாறு ஒறுப்பதே அரசின் கடன் என்பது வள்ளுவர் வகுத்த முறை. பின்லாந்தில் 2015-இல் அம்முறை தவறியது. அதன் விலையைச் செலுத்தியோர் ஒரு குற்றமும் செய்யாத நோயாளிகளே.