கேட்டால்தான் கணக்கா?

வீடு, கடை, தோப்பு என்று சேர்த்துவைத்த ஒருவர், தமக்குப் பின் அவை துண்டு துண்டாகப் போய்விடக் கூடாது என்று டிரஸ்ட் பத்திரம் எழுதி, மூத்த மகனையோ தம்பியையோ டிரஸ்டியாக வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். வருமானம் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றுதான் பத்திரத்தில் இருக்கும். சில வருஷங்களில் சொத்தைப் பார்த்துக்கொள்பவரே சொத்துக்காரராக நடமாடத் தொடங்கிவிடுவார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பொங்கலுக்கு ஏதோ ஒரு தொகை வரும். மொத்த வசூல் எவ்வளவு, தன் பங்கு எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது. கேட்டால், ‘என்மேல் நம்பிக்கை இல்லையா?’ என்ற பதில்தான் வரும். சட்டம் உரிமை தராததால் வந்த நிலை அல்ல இது. தந்த உரிமையைப் பயனாளி வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும் என்று விட்டுவைத்திருப்பதால் வந்தது. யாரும் கேட்காமலே டிரஸ்டி ஆண்டுதோறும் கணக்குக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்தைத் திருத்த வேண்டும்.

குடும்பத்துக்குள் அமையும் இத்தகைய டிரஸ்டுகளுக்கு உரியது 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம். பழைய சட்டம்தான், ஆனால் பயனாளி விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டவில்லை. சொந்தச் சொத்தை ஒரு விவரமான ஆள் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி டிரஸ்டி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 15ஆவது பிரிவு. தெளிவான கணக்கு வைக்க வேண்டும், பயனாளி கேட்டால் சொத்தின் அளவையும் நிலையையும் முழுமையாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. 57ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. டிரஸ்ட் பத்திரம், மூலப் பத்திரங்கள், கணக்குப் புத்தகம் இவற்றோடு செலவுக்கான ரசீதுகளையும் பார்த்து நகல் எடுக்கப் பயனாளிக்கு உரிமை உண்டு. ‘மராமத்துச் செலவு’ என்று ஒரே வரியில் பெரிய தொகையை எழுதி மூடிவிட முடியாது. சிமென்ட் வாங்கிய பில்லையும் கொத்தனார் கூலிச் சீட்டையும் காட்டுங்கள் என்று கேட்கலாம். 53ஆவது பிரிவைப் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். டிரஸ்ட் சொத்தை டிரஸ்டி தாமே விலைக்கு வாங்குவதென்றாலும் குத்தகைக்கு எடுப்பதென்றாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அது பயனாளிக்கு வெளிப்படையாக லாபமாக இருந்தால்தான் அனுமதியே கிடைக்கும். குடும்ப டிரஸ்டின் கடையைப் பெயருக்கு ஒரு வாடகை போட்டுத் தாமே குத்தகை எடுத்துக்கொண்டு வியாபாரம் செய்யும் டிரஸ்டிகள் இந்தப் பிரிவை ஒருமுறை படிப்பது நல்லது.

இவ்வளவு இருந்தும் ஏன் கேட்பதில்லை? நம் குடும்பங்கள் டிரஸ்டியைக் கர்த்தாவாக நினைத்துக்கொள்வது முக்கியமான காரணம். பிரிக்கப்படாத இந்துக் குடும்பத்தின் கர்த்தா கையாடல் செய்தார் என்று நிரூபித்தால் அன்றிக் கடந்தகால வரவு செலவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது இந்துச் சட்டத்தின் பழைய விதி. அந்தக் குடும்ப உறவுகளுக்கு டிரஸ்ட் சட்டம் பொருந்தாது என்று அதன் முதல் பிரிவே சொல்லிவிடுகிறது. அப்பா டிரஸ்ட் எழுதியபோதே அண்ணனைக் கர்த்தா என்ற இடத்திலிருந்து எடுத்து, கணக்குக்குக் கட்டுப்பட்டவர் என்ற இடத்தில் வைத்துவிட்டார். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு. பந்தியில் முதல் இலை யாருக்கு என்று பார்க்கும் வீட்டில் அந்த வேறுபாடு எடுபடுவதில்லை. தங்கை கணக்குக் கேட்டால் அது சொத்து விவகாரமாக இல்லாமல் மரியாதைப் பிரச்சினையாகிவிடுகிறது. கேட்பவருக்கே பழி வரும்போது, கேட்டால் கிடைக்கும் உரிமையால் யாருக்கு லாபம்?

காலம் கடந்தாலும் வழக்குப் போடலாமே என்று சொல்லக்கூடும். உண்மைதான். குறிப்பிட்ட நோக்கத்துக்காக டிரஸ்டியிடம் ஒப்படைத்த சொத்தை அவரிடமிருந்து மீட்கவும் அதற்குக் கணக்குக் கேட்கவும் காலவரம்பு கிடையாது என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு. ஆனால் வழக்குப் போடும் உரிமைக்கு ஆயுள் உண்டே தவிர, பணத்துக்கு இல்லை. விற்கும் அதிகாரத்தைப் பத்திரமே டிரஸ்டிக்குக் கொடுத்திருந்தால், வாங்கியவர் பட்டாவை மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருப்பார். தேட வேண்டியது விற்ற பணத்தை மட்டும்தான். இருபது வருஷம் கழித்து அதைத் தேடினால் வங்கிச் சீட்டு இருக்காது, தரகர் இருக்கமாட்டார், சில வீடுகளில் டிரஸ்டியே இருக்கமாட்டார். மத்தியஸ்தர் முன்னால் பேசி முடிக்கும் வழியும் குறுகிவிட்டது. பத்திரத்தில் மத்தியஸ்த நிபந்தனை இருந்தாலும் டிரஸ்ட் சட்டத் தகராறுகளை நடுவர் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப முடியாது என்று 2016இல் விமல் கிஷோர் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிச்சம் இருப்பது சிவில் கோர்ட். அங்கே ‘வாய்தா’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

வருஷா வருஷம் கணக்கு என்றால் குடும்பம் உடைந்துவிடும் என்பது முதல் ஆட்சேபம். நடப்பது நேர்மாறானது. கேட்டுப் பெறும் கணக்கில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. சட்டப்படி தானே வந்துசேரும் கணக்கில் அது இல்லை. மின்கட்டண ரசீது வருவதால் யாரும் மின்வாரியத்தோடு சண்டை போடுவதில்லை. சம்பளம் இல்லாமல் உழைப்பவர்மேல் இன்னொரு சுமையா என்பது அடுத்தது. இதில் நியாயம் இருக்கிறது. பத்திரத்தில் எழுதியிராவிட்டால் டிரஸ்டிக்கு ஊதியம் கிடையாது என்றுதான் 50ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் கைச்செலவை டிரஸ்ட் சொத்திலிருந்தே எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆடிட்டர் செலவும் அதில் அடங்கும். தவிர, வரி கட்டும் அளவு வருமானமுள்ள டிரஸ்டுகள் ஏற்கெனவே வருமான வரித்துறைக்குக் கணக்குக் காட்டுகின்றன. வரி அதிகாரிக்குக் காட்டியதைக் கூடப்பிறந்தவளுக்குக் காட்டுவதில் என்ன கஷ்டம்? ஒழுங்காக நடந்துகொள்ளும் டிரஸ்டிக்கு அந்தக் கணக்கே நாளைக்குக் கவசம். பிள்ளைகள் ஊதாரிகள், தொகை தெரிந்தால் நச்சரிப்பார்கள் என்பது மூன்றாவது ஆட்சேபம். ஊதாரிக்குப் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்தப் பத்திரம் இடம் தந்தால் நிறுத்திக்கொள்ளட்டும்; எவ்வளவு நிறுத்தினோம் என்பதை மறைக்க அது காரணமாகாது.

டிரஸ்ட் என்பது அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் உள்ள விஷயம். டெல்லி முந்தட்டும் என்று தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் திருத்தத்தை 1989இலேயே இங்கே கொண்டுவந்தார்கள். நாடாளுமன்றம் 2005இல்தான் அதற்கு வந்துசேர்ந்தது. 19ஆவது பிரிவில் இப்போது சேர்க்க வேண்டியவை சில. நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு பயனாளிக்கும் எழுத்தில் போய்ச்சேர வேண்டும். அசையாச் சொத்தை விற்பதற்கு முன் அவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்ததற்கான அத்தாட்சி இல்லாமல் சார்பதிவாளர் பத்திரத்தைப் பதியக் கூடாது. பயனாளிக்கு 18 வயது நிறைந்ததும் டிரஸ்ட் பத்திரத்தின் நகல் அவர் கைக்கு வர வேண்டும். மைனருக்குச் சேர வேண்டிய கணக்கை அதுவரை அவருடைய கார்டியன் வாங்கிக்கொள்ளலாம். டிரஸ்டியே கார்டியனாகவும் இருந்தால் மட்டும் அது போதாது. தாம் எழுதிய கணக்கைத் தாமே வாங்கிவைத்துக்கொள்ள விடாமல், அதன் ஒரு பிரதியை மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவைக்க வேண்டும்.